அலுமாரியில் ஆருக்கு எத்தினை தட்டு?

எங்கட வீட்டில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை இருக்கிறது. அதில் ஒருத்தரும் இருந்து நான் பார்த்ததில்லை. தோய்த்துக் காய்ந்த உடுப்பு, ஒருக்காப் போட்டு இன்னும் ஊத்தையாகாத உடுப்பு, நாளைக்குப் போடவேண்டிய உடுப்பு எல்லாம் அதில்தான் குவிந்து கிடக்கும். ஆராவது சொந்தக்காரர் வந்து எட்டிப் பார்த்தால் போதும், அம்மா தொடங்கிவிடுவா: "பொம்பிளைப்பிள்ளை இருக்கிற அறையே இது?" பக்கத்து அறையில் தம்பியின்ர சாறம் கழற்றின இடத்திலேயே வட்டமாகக் கிடக்கும். அதுக்குப் பேச்சில்லை. அவன் பெடியன்தானே!

இந்த வசனத்தோடுதான் எனக்குச் சண்டை. உடுப்பு கதிரையில் கிடப்பதற்கும் என்ர வளர்ப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வீட்டில் இருக்கிற இடத்தை ஆர் திட்டமிடுகினம், ஆருக்குப் பங்கு குடுக்கினம் என்பதுதான் விசயம்.

போன கிழமை எங்கட சுவர் அலுமாரியைத் திறந்து தட்டுகளை எண்ணினேன். மொத்தம் 12. கூறைச்சேலையும் கலியாணவீட்டுச் சேலைகளும் 3. மாமி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இன்னும் உறை பிரிக்காத கட்டில் விரிப்புகள், துவாய்கள் 2. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அல்பங்கள் 1. ஆருக்காவது குடுக்கவென்று வைத்துக் குடுக்காத உடுப்பு 1. அப்பாவுக்கு 2, தம்பிக்கு 2, எனக்கு 1. அம்மா ஒவ்வொரு நாளும் உடுத்துகிற வீட்டுச் சட்டைகளுக்கு ஒரு தட்டும் இல்லை. அவை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகின்றன. வீட்டில் உள்ள எல்லாருடைய உடுப்பையும் தோய்த்து, காயவைத்து, மடிக்கிற மனிசிக்குக் கிடைத்தது ஒரு ஆணி!

அலுமாரி கட்டும்போது கதைத்தது அப்பாவும் மேசனும்தான். சுவரில் இடம் விட்டு, சீமெந்துத் தட்டுப் போட்டு, முன்னால் மரக்கதவு அடித்தாச்சு. ஆழம் 16 இஞ்சி. ஹாங்கரில் சட்டை நேராகத் தொங்க 22 தொடக்கம் 24 இஞ்சி வேண்டும். அதால் எங்கட ஹாங்கர்கள் எல்லாம் சரிந்துதான் நிற்கும், கதவும் முட்டும். மேல்தட்டு 7 அடி உயரத்தில். அம்மா 5 அடி. அதை எடுக்க அந்தக் கதிரையில்தான் ஏறவேண்டும், ஏறுவதற்கு முன்னம் அதிலுள்ள உடுப்பைக் கட்டிலில் கொட்டவேண்டும். அலுமாரி நிற்பதோ மழை அடிக்கிற வெளிச்சுவரில். மாரி வந்தால் உள்ளே பூஞ்சணம். "சேலையை வெயிலில போடேல்லையோ?" என்று அதுக்கும் பேச்சு வாங்குவது அம்மாதான்.

இப்ப இன்ஸ்ராகிராமைத் திறந்தால் எல்லாரும் ஒழுங்குபடுத்தல் சொல்லித் தருகினம். மனதுக்கு மகிழ்ச்சி தராததை வெளியில் போடு என்பது ஜப்பானைச் சேர்ந்த மரி கொண்டோவின் முறை. 2019இல் நெட்ஃபிளிக்ஸில் அவருடைய தொடர் வந்தபிறகு அது இன்னும் பரவியது. மூன்றாவது பிள்ளை பிறந்தபிறகு வீட்டை ஒழுங்காக வைத்திருப்பதை ஓரளவு கைவிட்டுவிட்டதாக 2023இல் அவரே சொன்னார். எனக்கு அவரில் கோபமில்லை. ஆனால் 1995 ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்து ஒரு சூட்கேசோடு வெளிக்கிட்ட அம்மாவிடம் "தேவையில்லாததை எறியுங்கோ" என்று நான் எப்பிடிச் சொல்லுறது? உறை பிரிக்காத துவாய் அவவுக்குத் துவாய் மட்டுமே? போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் குடுத்தது 550,000 ரூபா. அதில் சுவரும் கூரையும் முடிக்கவே கடன்பட்டவர்கள் எத்தினை பேர்! அந்த வீடுகளில் கொடியும் சூட்கேசும்தான் அலுமாரி. அங்கேயும் பேச்சு வாங்குவது பிள்ளைதான்.

ஆகவே, புதுசாக வீடு கட்டுகிறவர்களுக்கும் அலுமாரி செய்விக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். மேசனைக் கூப்பிட முன்னம் வீட்டில் உள்ள எல்லாரையும் கூப்பிட்டு இருத்துங்கோ. ஆரிடம் என்ன இருக்கு என்று எண்ணுங்கோ. தொங்கவிடுகிற பக்கத்துக்கு 24 இஞ்சி ஆழம், மடித்து வைக்கிற தட்டுக்கு 14, 15 இஞ்சி காணும். ஒவ்வொரு நாளும் எடுக்கிறதை இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வையுங்கோ, கூறை மேலே போகட்டும். உள்சுவரில் வையுங்கோ, கதவில் காற்றுப்போக வழி விடுங்கோ. ஈரம் படுகிற இடத்தில் மலிவென்று சிப்போட் போட்டால் ஊதிப்போகும். ஒருக்காப் போட்ட உடுப்புக்கென்று நாலு கொளுக்கி அடித்தால் கதிரைக்கு விடுதலை.

கடைசியாக ஒன்று. வீட்டில் உள்ள ஒவ்வொருத்தருக்கும் திறப்போடு ஒரு லாச்சி வேண்டும். நான் கேட்டபோது "பூட்டி வைக்கிற அளவுக்கு உன்னட்ட என்ன இருக்கு?" என்று அப்பா கேட்டார். நப்கின் இருக்கு, டயறி இருக்கு, ரியூசன் குடுத்துச் சேர்த்த காசு இருக்கு. இவ்வளவு நாளும் இதையெல்லாம் பழைய தாவணிக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறேன். ஒளிக்கத் தெரிந்த பிள்ளையைத்தான் இவ்வளவு காலமும் நல்ல பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு 3 தட்டு, அம்மாவுக்கு 3 தட்டு, ஆளுக்கொரு லாச்சி. இதைத் தாங்கோ. அதுக்குப் பிறகும் அந்தக் கதிரையில் உடுப்புக் கிடந்தால் என்னைப் பேசுங்கோ. தம்பியையும் சேர்த்து.