ஏட்டுச் சுரைக்காயும் உதவும்!



"தண்ணீர் குடிக்க விடுங்கள்" என்று கேட்பது ஒரு விதம். "குடிக்கலாம் என்று நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்களே!" என்று கேட்பது இன்னொரு விதம். முன்னது கெஞ்சல், பின்னது உரிமை.

மகாராஷ்டிராவில் மகாட் என்று ஓர் ஊர். அங்குள்ள பொதுக்குளத்தில் ஆடு மாடுகள் தண்ணீர் குடிக்கலாம். தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கக் கூடாது. பொதுக்குளங்கள் எல்லோருக்கும் உரியவை என்று 1923ல் பம்பாய் சட்டசபை தீர்மானம் போட்டது. மகாட் நகராட்சியும் அதை ஏற்றது. ஆனால், தீர்மானம் ஏட்டிலேயே தூங்கியது. 1927 மார்ச் 20ல் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று அந்தத் தண்ணீரைக் குடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் அங்கே கூடியபோது, 1789ல் பிரான்சு மக்கள் சபை மனித உரிமைகளை அறிவித்ததை நினைவூட்டிப் பேசினார். ஓர் ஊர்க் குளத்தின் வழக்கு, மனித குலத்தின் வழக்காகிவிட்டது! 1937ல் பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பும் அவர்களுக்குச் சாதகமாகவே வந்தது.

எல்லா மனிதரும் சமம் என்று அமெரிக்கத் தலைவர்கள் 1776ல் சுதந்திரப் பிரகடனம் எழுதினார்கள். கறுப்பின மக்களுக்கு அந்தச் சமத்துவம் கிடைக்கவில்லை. 1963 ஆகஸ்ட் 28ல் வாஷிங்டனில் சுமார் இரண்டரை லட்சம் பேர் முன் பேசிய மார்ட்டின் லூதர் கிங், அந்தப் பிரகடனத்தைக் கடன் பத்திரத்துக்கு ஒப்பிட்டார். வர வேண்டிய பாக்கியைக் கேட்கவே வந்திருக்கிறோம் என்றார். கையெழுத்துப் போட்டவர் மறுக்க முடியுமா? மறு ஆண்டே சிவில் உரிமைச் சட்டம் வந்தது.

நமக்கும் ஒரு பத்திரம் உண்டு. 1950 ஜனவரி 26ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனம்தான் அது. அதன் 17வது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 2002ல் சேர்க்கப்பட்ட 21ஏ பிரிவு, 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தரச் சொல்கிறது. உங்கள் வயதுதான்!

எங்கள் குயிலாப்பாளையம் பக்கம் முந்திரிக் காலத்தில் கொட்டை பொறுக்கப் போய், அப்படியே பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளைகளை ஆசிரியராக இருந்தபோது பார்த்திருக்கிறேன். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு தோழி இருந்தால், "பாவம், படிக்க வையுங்கள்" என்பதோடு நிறுத்தாதீர்கள். "படிப்பது அவள் உரிமை, அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது" என்று பெரியவர்களிடம் பணிவாகச் சொல்லுங்கள். தலைமையாசிரியரிடமும் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். தப்பாக எடுத்துச் சொன்னால் பேச்சின் பலமே போய்விடும். அதனால் முதலில் நன்றாகப் படியுங்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எடுத்துச் சொல்ல நீங்கள் இருந்தால், அதுவும் உதவும். சொல்வீர்கள்தானே?