விடுதியிலும் திறக்கட்டும்

சட்டக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த என் அண்ணன் மகள், ஒரேயொரு தீர்ப்பைத் தேடி மாலை முழுக்க அலைந்திருக்கிறாள். கல்லூரி பணம் கட்டி வாங்கிய தரவுதளம் வளாக இணைப்பில் மட்டுமே திறக்கும். அந்த வைஃபையோ நூலக வாசலைத் தாண்டுவதில்லை. நூலகம் ஐந்து மணிக்குப் பூட்டு. விடுதியில் கிடக்கும் பழைய தண்டனைச் சட்டப் புத்தகத்தை நம்பவும் முடியாது. 2024 ஜூலை 1-இல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபின், கொலைக்கான தண்டனைப் பிரிவு 302 அல்ல, 103. வசதியுள்ள பிள்ளை சொந்தமாகச் சந்தா கட்டிப் படித்துவிடும். மற்றவர்கள் என்ன செய்வார்கள்? உச்ச நீதிமன்றம் 2023 முதல் இ-எஸ்சிஆர் தளத்தில் தன் தீர்ப்புகளை இலவசமாகவே தருகிறது. இதைக்கூட முதலாண்டு மாணவருக்கு யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். கல்லூரியின் தரவுதளம் விடுதியிலிருந்தும் திறக்கும்படி ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல் கொடுங்கள்; கட்டணம் வாங்கிய கல்லூரியின் கடமை அது.