உழைச்செல்வானும் அறிவுடைமையும்

கொட்டாஞ்சேனையில் வாழும் அன்பர் ஒருவர் சென்ற மாதம் வெள்ளவத்தையிலுள்ள என் இல்லத்திற்கு வந்திருந்தார். அவர் மகள் என் மாணாக்கி; தாதியியற் பட்டப்படிப்பிற் சேர விரும்புகின்றாள். தந்தையார்க்கு அது சிறிதும் உடன்பாடன்று. "பண்டிதர் ஐயா, டொக்டர் சொன்னதைச் செய்யிற வேலைதானே? உதுக்கு நாலு வருசப் படிப்பு என்னத்துக்கு? நீங்கள் சொன்னால் பிள்ளை கேட்பாள்" என்றார். நான் சொல்ல உடன்படவில்லை. அதன் காரணத்தை அவரிடம் அன்று முழுதும் கூற இயலவில்லை. ஆதலின் ஈண்டு எழுதுகின்றேன்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், நோயாளன், மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு உழைச்செல்வானையும் ஒருங்கு எண்ணுகின்றது. உழை என்பது பக்கம். நோயாளன் பக்கத்தே நின்று பணிசெய்பவனே உழைச்செல்வான். இவனுக்கு வேண்டிய இயல்புகள் நான்கென்பர் பரிமேலழகர். நோயாளன்பால் அன்பு, மனமொழி மெய்களின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு என்பன அவை. சொல்லியவாறே செய்வான் எனின் அறிவு எதற்கு? மாணாக்கர் பலர் வினவாது கடந்துசெல்லும் இடம் இது. மருத்துவர் காலையில் வந்து கட்டளை எழுதிச் செல்கின்றார். நோயோ அக்கட்டளைக்குக் கட்டுப்பட்டு நிற்பதில்லை; மாலைக்குள் மாறிவிடுகின்றது. அம்மாற்றத்தை முதலிற் காணும் கண் தாதியின் கண்ணே. நான்காம் இயல்பு அதன் பொருட்டே கூறப்பட்டது என்பது என் கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன் பாரிசவாதத்தால் வாய் குழறிக் கிடந்த முதிய நண்பர் ஒருவரைக் கொழும்பு மருத்துவமனை ஒன்றிற் காணச் சென்றிருந்தேன். கஞ்சி கொடுக்கலாம் என்று குறிப்பில் எழுதியிருந்தது. இளந்தாதி ஒருத்தி, சிங்களப் பெண், அவரை நிமிர்த்தி இருத்திக் கரண்டியளவு நீர் கொடுத்துப் பார்த்தாள். அவர் இருமினார். சற்றுப் பொறுத்து மீண்டும் கொடுத்தாள், மீண்டும் இருமினார். கஞ்சியை எடுத்து அப்பால் வைத்துவிட்டு மருத்துவரை அழைக்கச் சென்றாள். கிழவரைப் பட்டினி போடுகிறாள் என்று உறவினர் முணுமுணுத்தனர். நானும் உள்ளுக்குள் சினந்தேன். மருத்துவர் வந்து பார்த்து, அவள் செய்ததே சரி என்றார். விழுங்க மாட்டாதவருக்கு ஊட்டிய உணவு மூச்சுக்குழாயிற் சென்று நுரையீரலைக் கெடுக்குமாம். "நோவுதா, தாத்தே?" என்று அவள் கேட்டதும் நினைவிருக்கிறது. சிங்களத்தில் அது தந்தையை விளிக்கும் சொல். நண்பரோ பாட்டன் என்று கொண்டு தலையசைத்தார். அவ்வுச்சரிப்பைத் திருத்தவேண்டுமென்ற எண்ணம் எனக்கு எழவில்லை.

ஆயினும் தாதியின் அறிவைப் பெரியதோர் அவை மதித்த இடம் மும்பாய் அருணா சான்பாக்கின் வழக்கேயாகும். அங்குள்ள கே.ஈ.எம். மருத்துவமனையில் தாதியாயிருந்த அவர், 1973 நவம்பர் 27இல் அங்குப் பணிசெய்த ஒருவனாற் கழுத்து நெரிக்கப்பட்டு மூளை பழுதுற்றார். 42 ஆண்டுகள் அவரைப் பேணியவர் அம்மருத்துவமனைத் தாதியரே. தலைமுறை மாறியும் பணி மாறவில்லை. எண்பதுகளில் அவரை வெளியேற்ற மாநகராட்சி முயன்றபோது வேலைநிறுத்தஞ் செய்து தடுத்தனர். அத்தனை ஆண்டு கிடந்த உடம்பிற் படுக்கைப்புண் இல்லை. கூட்டம் கூடினால் அவர் அமைதி இழப்பார், மீனுணவை விரும்புவார் என்பனவெல்லாம் அருகிருந்தோர் கண்டறிந்தவை.

அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தி இயற்கை மரணம் எய்த விடுமாறு எழுத்தாளர் பிங்கி விராணி வழக்குத் தொடுத்தார். 2011 மார்ச் 7இல் இந்திய உச்சநீதிமன்றம் அதனை மறுத்து, அருணாவுக்காகப் பேசும் உற்ற நண்பர் அம்மருத்துவமனைப் பணியாளரே என்றது. விராணியார் பக்கத்தும் இரக்கமே நின்றது என்பதை நான் மறவேன். அன்பு மிக்கவிடத்து அறிவு மயங்குதலும் உண்டு. பேச இயலாதவள் உள்ளத்தைப் பிறர் முற்றும் அறிவது எங்ஙனம்? நீதிமன்றமும் இதனை உணர்ந்தே, இத்தகையோரின் உயிர்காப்பை நிறுத்தும் முடிவை எவர் எடுப்பினும் உயர்நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டுமென்று அன்று விதித்தது. அருணா 2015 மே 18இல் மறைந்தார்.

இவையெல்லாம் கற்பதற்கு நான்கு ஆண்டு மிகையென்று எனக்குத் தோன்றவில்லை. மாணாக்கி விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். தந்தையார் இன்னும் என்னோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை.