மலடி யார்?

கலியாணமாகி இரண்டு ஆடி கழிந்தும் “வயிற்றிலே ஒரு புழு பூச்சி இல்லை” என்றால், திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலே அப்புறம் நடக்கிற சங்கதி யாவருக்கும் தெரிந்ததே. பெண்ணை அரசமரம் சுற்றச் சொல்லுவார்கள். நாகப் பிரதிஷ்டை செய்யச் சொல்லுவார்கள். திருக்கருகாவூருக்கு அழைத்துப்போய் நெய் வாங்கி 48 நாள் தின்னச் சொல்லுவார்கள். அதிலும் ஒன்றும் ஆகாவிட்டால் மலடி என்று பட்டம் சூட்டிப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இத்தனை காரியத்திலும் பையனை ஒரு டாக்டராவது தொட்டுப் பார்த்தாரா என்று கேட்கின்றோம். கேட்டால், “ஆம்பிளைக்கு என்ன குறை?” என்று நம்மீது பாய்கிறார்கள்.

தோழர்களே! ஆண்மை வேறு, பிள்ளை உண்டாக்கும் சக்தி வேறு. விரையிலே உண்டாகும் விந்தணு வெளியே வருவதற்கு இரு பக்கமும் ஒவ்வொரு குழாய் உண்டு. ஆண்கள் குடும்பக் கட்டுப்பாட்டு ஆப்பரேஷனில் வெட்டிக் கட்டுவது இந்தக் குழாயைத்தான். மலட்டு ஆண்களில் 100-க்கு 1 அல்லது 2 பேருக்கு இந்தக் குழாய் இரு பக்கமும் பிறவியிலேயே இருப்பதில்லை. மீசையும் இருக்கும், தாம்பத்தியமும் குறைவின்றி நடக்கும்; வெளிவரும் நீரில் மாத்திரம் அணு இராது. விளைந்த நெல் களத்திலேயே கிடக்கிறது, வண்டிப் பாதை இல்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய யந்திரம்கூட வேண்டாம்; தேர்ந்த டாக்டரின் விரல் போதும்.

நிற்க. இதைவிட முக்கியமான சங்கதி ஒன்றுண்டு. தாய் வயிற்றிலே கருவிலுள்ள ஒரு குழாயிலிருந்துதான் ஆணுக்கு விந்துக்குழாய் உண்டாகிறது. ஐந்தாவது வாரத்தையொட்டி அதே குழாயில் கிளைக்கும் மொட்டுத்தான் சிறுநீரகத்தை வளரச் செய்கிறது. காவேரியில் குடமுருட்டி பிரிகிற இடத்துக்கு மேலேயே தண்ணீர் நின்றுபோனால் இரண்டு ஆற்றுப் பாசனமும் கெடுமல்லவா? அதுபோல் தாய்க்குழாய் ஆரம்பத்திலேயே பழுதானால், அந்தப் பக்கத்துச் சிறுநீரகமும் இராது. குழாய் ஒரு பக்கம் மட்டும் இல்லாதவரில் சுமார் நாலில் ஒருவருக்கும், இரு பக்கமும் இல்லாதவரில் சுமார் பத்தில் ஒருவருக்கும் சிறுநீரகம் ஒன்றுதான். ஒன்றைக்கொண்டு நன்றாகவே வாழலாம். ஆனால் இருப்பது ஒன்று என்று தெரிந்திருந்தால்தானே இரத்த அழுத்தத்தைக் கவனிப்பான், அதிலே கல் அடைத்தால் உடனே ஓடுவான்? வயிற்றை ஸ்கேன் எடுத்தால் தெரிகிற இதிலே சர்ப்ப தோஷம் எங்கே வந்தது?

இரு பக்கமும் குழாயில்லாத மற்றவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் சி.எஃப்.டி.ஆர். என்னும் மரபணுவின் பழுது. மனைவிக்கும் அதே பழுது இருந்தால், பிள்ளைக்கு நுரையீரலைக் கெடுக்கும் கொடிய நோய் வரக்கூடும். ஆகவே இருவர் இரத்தத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டும். அத்தை மகள், மாமன் மகள் என்று கட்டிக்கொள்கிற நம்மவருக்கு இது இரண்டு மடங்கு அவசியம்.

விரையிலிருந்து ஊசியால் அணுவை எடுத்துப் பெண்ணின் முட்டைக்குள் செலுத்திப் பிள்ளை பெறலாம். ஒற்றை அணுவைச் செலுத்தும் இம்முறையில் பிள்ளை பிறந்த சேதியை பிரஸ்ஸல்ஸ் டாக்டர்கள் 1992-லேயே வெளியிட்டுவிட்டார்கள். செலவு அதிகந்தான், இதிலும் காசு பறிக்கிறவர்கள் உண்டு. ஆனால் பரிசோதனைக்கு அவ்வளவு செலவில்லை. நெய்யைப் பெண் தின்றாலும் பையனே தின்றாலும் இல்லாத குழாய் முளைக்கப்போவதில்லை.

தஞ்சாவூர் வழியாகத் திருக்கருகாவூருக்குப் பஸ் ஏறுகிற பெரியவர்களைக் கேட்கின்றோம்: அந்தத் தஞ்சாவூரிலே 1959 முதல் மருத்துவக் கல்லூரி ஒன்று இருக்கிறதே, அதன் வாசலில் பையனையும் அழைத்துக்கொண்டு இறங்குவதற்கு உங்களுக்கு என்ன வெட்கம்?