நீலக்கறுப்பு மையும் நிலைபெறும் எழுத்தும்

தமிழில் 'மை' என்னும் ஓரெழுத்தொருமொழி கருமையையும் குறிக்கும், கார்முகிலையும் குறிக்கும், கண்ணுக்கிடும் அஞ்சனத்தையும் குறிக்கும். எழுதற்குரிய நீர்மத்துக்கும் அதுவே பெயராயிற்று. ஆகலின் 'சிவப்பு மை' என்பது சொல்லளவில் ஒரு முரணே. இனி, நீலத்தையும் கருமையையும் அணுக்கமாகவே கண்டவர் நம் முன்னோர். நீலகண்டனையே கறைக்கண்டன் என்றனர். நீலமேகவண்ணனையே கார்வண்ணன் என்றனர். எனவே நீலக்கறுப்பு என்னும் நிறம் மேனாட்டு மைக்கூட்டோடு இங்கு வந்திறங்கியதன்று. நாவல் மரத்தாற் பெயர்பெற்ற நம் நாவற்குடாவில் அந்நிறத்தை நாவிலேயே ஏற்றிக்கொண்டு வகுப்புக்கு வரும் சிறுவரை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம்.

ஆயினும் நாவற்பழச் சாறு மையாகாது. அது வெறும் சாயம். புளிப்புப் பட்டாற் செந்நிறமாய்த் திரியும்; வெயில் பட்டால் வெளிறும். சாயத்துக்கும் மைக்கும் உள்ள இவ்வேறுபாட்டை அறியாமையால் நம் பாடசாலைகளுக்கு நேரும் கேட்டினை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏட்டுச் சுவடிக் காலத்தில் எழுத்தாணி ஓலையைக் கீறிற்று. கீறிய பள்ளத்திற் கரி முதலியவற்றைத் தடவியது எழுத்தைக் கண்ணுக்குக் காட்டுதற்கே. கரி கழன்றாலும் எழுத்து ஓலையில் நின்றது. மீண்டும் தடவினால் மீண்டும் தெரிந்தது. தாளிலோ மையே எழுத்து. மை போயின் எழுத்தும் போம். ஓலையை விட்டுத் தாளுக்கு வந்த நாம், மையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் உடன் ஏற்றிருத்தல் வேண்டுமன்றோ?

உண்மையான நீலக்கறுப்பு மையின் இயல்பு வருமாறு. துவர்ப்புப் பொருளும் இரும்புப்பும் கூடினாற் கருமை பிறக்கும். வாழைக்காயை இரும்புக் கத்தியால் அரியும் தாய்மார் இதனை நாள்தோறும் காண்கின்றனர். மேனாட்டார் மாசிக்காயையும் அன்னபேதியையும் கூட்டி மை செய்தனர். நம் நாட்டவர் கடுக்காயையும் அன்னபேதியையும் கூட்டினர். புதிதாய்க் கூட்டிய அந்நீர்மம் வெளிறியே இருக்கும். தாளில் இட்டபின் காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று, நீரிற் கரையாத கரும்பொருளாய் மாறித் தாளின் நார்களைப் பற்றிக்கொள்ளும். எழுதும்போதே கண்ணுக்குப் புலனாகும் பொருட்டு நீலச்சாயமும் சேர்ப்பர். எழுதுங்கால் நீலம், உலர்ந்தபின் கறுப்பு என்பதே அப்பெயரின் காரணம். இலண்டனில் ஹென்றி ஸ்டீபன்ஸ் என்பார் 1832ஆம் ஆண்டில் இத்தகைய மையைச் செய்து விற்கத் தொடங்கினார்.

இன்று கடையில் 'நீலக்கறுப்பு' எனப் பெயரிட்டு விற்பன எல்லாம் இவ்வினத்தன அல்ல. 1931இல் வெளிவந்த பார்க்கர் நிறுவனத்தின் குயிங்க் வரிசையில் இன்றுள்ள நீலக்கறுப்பு சாய மையே. லாமி நிறுவனத்தின் நீலக்கறுப்பு முன்னர் இரும்பு கொண்டதாயிருந்து, பின்னர்ச் சாய மையாக மாற்றப்பட்டது. ஜெர்மனியின் பெலிக்கன் 4001 நீலக்கறுப்பும், இங்கிலாந்தின் டயமைன் நிறுவனத்தார் செய்யும் பதிவாளர் மையும் இரும்பு கொண்டவை. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. ஆதலின் பெயரைக் கண்டு வாங்காது குணத்தைக் கண்டு வாங்குக.

குணம் காண்பது அரிதன்று. ஒரு தாளில் மூன்று வரிகளைக் கழுவத்தகு நீலம், சாய நீலக்கறுப்பு, இரும்பு நீலக்கறுப்பு ஆகிய மூன்று மைகளால் எழுதினோம். ஒருநாள் முழுதும் உலரவிட்டு, பின் ஓரிரவு நீரில் இட்டு வைத்தோம். காலையிற் கழுவத்தகு நீலம் ஏறக்குறைய மறைந்திருந்தது. சாய நீலக்கறுப்பு கலங்கிய நிழலாய் நின்றது. மூன்றாம் வரியிலிருந்து நீலம் முகில்போற் பிரிந்து சென்றதேனும், சாம்பல் கலந்த கறுப்பில் ஒவ்வொரு எழுத்தும் புள்ளியோடு நின்றது. ஒற்றெழுத்தும் உயிர்மெய்யும் மயங்காமல் நிற்றல் தமிழாசிரியனுக்கு எத்துணை ஆறுதல் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

ஏனைய குணங்களையும் நடுநிலையோடு கூறுவோம். நிறத்தில் இஃது அடக்கமானது. பளபளப்பை விரும்பும் இளைஞரை ஈர்க்காது. மாரிகாலத்தில் ஈரங்குடித்த மலிவான தாளில் ஏனைய மைகள் நார் நாராய்ப் பரவுங்கால், இது பெரும்பாலும் கோட்டுக்குள் நிற்கும். ஓட்டம் சற்று வறண்டது. கூரிய முனையுள்ள பேனையில் விரைந்தெழுதுவார்க்குத் தடைபோல் தோன்றும்.

குறைகளும் உள. இம்மை அமிலத்தன்மை உடையது. பேனையில் உலரவிட்டால் வழிகளை அடைக்கும். மட்டமான உருக்கு முனையை அரிக்கும். ஆதலின் இரு கிழமைக்கொரு முறை பேனையைத் தண்ணீரால் அலசுதல் வேண்டும். வேறு மையோடு கலத்தலும் ஆகாது. முற்காலத்தில் இரும்பும் அமிலமும் மிகுத்துச் செய்த மைகள் தாளையே தின்றதுண்டு. பெர்லின் அரச நூலகத்திலுள்ள இசைப்பேரறிஞர் பாக் அவர்களின் கையெழுத்துப் படிகள் அவ்வாறு நலிந்தன. ஒளியும் இதற்குப் பகையே. 1776ஆம் ஆண்டின் அமெரிக்க விடுதலைச் சாசனம் நெடுங்காலம் வெளிச்சத்தில் வைக்கப்பட்டமையால் மங்கிப்போயிற்று. எனவே நீரை வெல்லும் இம்மையும் காவலின்றி எதனையும் வெல்லாது.

இனி, நாம் இதனை இவ்வளவு வற்புறுத்துவதேன்? வாவியும் கடலும் இருபுறம் சூழ வாழ்பவர் நாம். 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி கூரைகளைப் பிய்த்தெறிந்து, உள்ளிருந்தவற்றை மழைக்கு ஒப்படைத்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்லடி, நாவலடி முதலிய கரையூர்களுள் புகுந்தது. 2011 சனவரியிற் பெருவெள்ளம் மாவட்டத்தை மூழ்கடித்தது. இத்தகைய நாட்களின்பின் உயிர் தப்பியோர் முதலில் உணவையும் உறைவிடத்தையும் தேடுவர். அடுத்துத் தேடுவது தம்மை இன்னாரென நிறுவும் தாள்களையே. தந்தையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்த பிள்ளைக்கு, அதன் பெயரும் பிறந்த நாளும் பெற்றோர் பெயரும் எழுதிய பாடசாலைச் சேர்விடாப்பின் ஒரு வரி எத்துணைப் பெரிய சாட்சி! அவ்வரியைக் கழுவத்தகு மையால் எழுதுதல் அப்பிள்ளையை மணலில் எழுதுதலோடு ஒக்கும்.

கணினி இருக்க மை எதற்கு என்பாரும் உளர். கணினி வேண்டுவதே, ஆயின் மின்சாரமற்ற நாளில் அது வாய்திறவாது. குமிழ்முனைப் பேனை போதாதோ என்பாரும் உளர். அதன் எண்ணெய்மை நீருக்கு ஓரளவு அஞ்சாது. எனினும் அதுவும் சாயத்தாலாயதே, அவற்றுட் பல வெளிச்சத்தில் வெளிறும். இவற்றைத் தள்ளுக என்பதன்று நம் கருத்து. கணினிப் பதிவும் இருக்கட்டும், அதன் பக்கத்திற் கரையாத கையெழுத்தும் இருக்கட்டும். ஒன்று கெட்டால் மற்றொன்று நிற்கும்.

விலையைக் காட்டி மறுத்தலும் பொருந்தாது. மாணவர் எல்லோரும் இம்மையை வாங்குக என யாம் கூறவில்லை. பிழைவிட்டுப் பழகும் பிள்ளைகளுக்குக் கழுவத்தகு நீலமே ஏற்றது, சட்டையில் பட்டாலும் தாய்மார் பொறுப்பர். சேர்விடாப்பு, வரவிடாப்பு, சம்பவத் திரட்டு என்னும் மூன்று புத்தகங்களுக்கு மாத்திரமே இதனை வேண்டுகின்றோம். அம்மூன்றுக்கும் ஒரு போத்தல் மை நெடுநாள் போதும்.

பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். விழா நினைவாகக் கட்டடமும் வாயில்வளைவும் எழுப்புதல் நன்றே. அவற்றோடு, நம் கல்லூரி அலுவலகத்துக்கு நல்ல பேனை ஒன்றும், ஆண்டுதோறும் இரும்பு நீலக்கறுப்பு மைப்போத்தல் ஒன்றும், இடாப்புகளை வைக்க உயரமான இடத்தில் ஓர் அலுமாரியும் வழங்குவீராக. நும் பெயர்களும் அவ்விடாப்புகளில் உள. நுமக்குப் பின் வருவோரின் பெயர்கள் வெள்ளம் வந்து வடிந்த பின்னரும் எழுத்துக்கெடாமல் வாசிக்கப்படுதல் வேண்டும்.