கீபோட்காரனும் வித்துவான்தான்

"கீபோட்ல தட்டினா எல்லாம் மியூசிக் ஆகிடுமா?" தில்லையடியில ஒரு கலைவிழா நடந்தா, இதைச் சொல்ல ஒரு பெரியவர் கட்டாயம் இருப்பார். வயலின், தபேலா என்றால் வித்தை. கீபோட் என்றால் மெஷின். இந்தக் கதைக்குப் பதில் சொல்ல 1992இல் வந்த 'ரோஜா' ஒன்றே போதும்.

ஏ. ஆர். ரஹ்மானுக்கு அப்போ 25 வயசு. ஒன்பது வயசில் தகப்பனை இழந்தவர். இசைக்கலைஞரான தகப்பன் விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்குக் கொடுத்துத்தான் குடும்பம் பிழைத்தது. கீபோட் வாசிக்கிறவராக இளையராஜா குழு உட்பட பல இடங்களில் வேலை செய்து, வீட்டோடு ஒரு ஸ்டூடியோ போட்டு, இசையமைத்த முதல் தமிழ்ப் படத்துக்கே தேசிய விருது வாங்கினார். மெஷின் தானாக மெட்டுப் போட்டதா? அதே 'ரோஜா'வில் நவீன் குமாரின் புல்லாங்குழலும் இருக்கு. கீபோட் அதை விரட்டவில்லையே.

"கீபோட் வந்துதான் வயலின்காரர் வேலை இழந்தார்" என்பார்கள். இழந்தவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். ஆனால் ஆளைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடிப்பது காசு போடுகிறவர். அவரை விட்டுட்டு வாசிக்கிற பிள்ளையை ஏசுவது என்ன நியாயம்?

அடுத்த குற்றச்சாட்டு "கொப்பி". இது எங்கட ஊர் வியாதி மட்டுமில்லை. ஜேர்மனியின் கொலோன் நகரத்து 'ட்ரையம்விராட்' என்ற ரொக் குழு, 1972இல் தன் முதல் அல்பத்தைப் போட்டது. மூன்றே பேர், யூர்கன் ஃப்ரிட்ஸின் கீபோட்தான் முன்னுக்கு நிற்கும். மோட்சார்ட்டின் இசையில் தொடங்கி பதினாறு நிமிஷத்துக்கு மேல் ஓடுது முதல் பாட்டு. 'எமர்சன், லேக் அன்ட் பாமர்' என்ற ஆங்கிலக் குழுவின் நகல் என்று அவர்களையும் ஒதுக்கினார்கள். சாயல் இருக்கு, மறுக்கல. முதல் அல்பத்தில் யாருடைய சாயலும் இல்லாதவர் எத்தனை பேர்?

1990இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழுற ஊர் இது. இங்க ஒரு பிள்ளைக்குப் பத்து வயலின் பிடிக்க ஆளும் இல்லை, காசும் இல்லை. செக்கன்ட்ஹேண்ட் கீபோட் ஒன்றில் அவன் ஒரு குழுவையே கேட்கிறான். அவன் போட்ட மெட்டு மோசமென்றால் மோசமென்று சொல்லுங்க, எங்கே மோசமென்றும் சொல்லுங்க. அதுக்கு முதல் முழுசாக் கேளுங்க. வாற கலைவிழாவில் "பின்னணி இசை" என்று முடிக்காமல், பாடகரைக் கூப்பிடுற மாதிரி அவனையும் பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிடுங்க.