மூன்று பெடல், இரண்டு கால்

மோட்டார் வண்டி ஓட்டுவதில் எனக்குச் சுமார் நாற்பது வருஷத்து அநுபவம் உண்டு. இத்தனை காலமும் நான்தான் கியரை மாற்றிக்கொண்டிருந்தேன் என்று நம்பியிருந்தேன். உண்மையில் கியர் என்னைச் சகித்துக்கொண்டிருந்தது என்பது சென்ற மாதம் கோயமுத்தூருக்குப் பக்கத்திலுள்ள ஒரு பந்தயப் பாதையில் வெளியாயிற்று.

அங்கே போனதற்குக் காரணம் என் குமாரி. பந்தயக்காரர்களைப் போல் வண்டி ஓட்டக் கற்கவேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. "இரண்டு நாள் பயிற்சிதான், அப்பா; நீங்களும் வாருங்கள்" என்றாள். பெண்ணுக்குத் துணையாகப் போனேன் என்று நேயர்கள் எண்ணவேண்டாம். அவளுக்கு நானே நாலு விஷயம் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்ற கர்வத்தினால்தான் போனேன்.

பயிற்சிக்குக் கொடுத்தது பின் சக்கரங்களால் உந்தப்படும் பழைய வண்டி. நேர்ப்பாதையில் ஜோராகத்தான் வந்தேன். வளைவு நெருங்கிற்று. பிரேக்கை மிதித்தேன், கிளட்சை அமுக்கி, மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதற்குத் தள்ளினேன், கிளட்சைச் சட்டென்று விட்டேன். எதிரே இருந்த வளைவு பக்கவாட்டில் வந்தது. பிறகு முதுகுப்புறம் போயிற்று. புழுதி அடங்கியபோது நான் வந்த வழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காயம் ஒன்றுமில்லை. குமாரி சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு அதிக வருத்தமாயிருந்தது.

பயிற்சியாளராக இருந்த பையனுக்கு வயது முப்பதுகூட இராது. ஓடி வந்து, மிகவும் மரியாதையாக, "வண்டியை நிறுத்தத்தான் பிரேக் இருக்கிறதே, ஸார்! கியரைப் போட்டு ஏன் நிறுத்தப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டான்.

நான் செய்த பிழை இதுதான். மூன்றாவது கியரில் இயந்திரம் நிமிஷத்துக்கு 2400 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வேகத்தில் இரண்டாவது கியருக்கு வந்தால், அது ஏறக்குறைய 3600 சுற்றுச் சுற்றியாகவேண்டும். அந்த 1200 சுற்றை யார் கொடுப்பது? நாம் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டிக் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால், கிளட்ச் விடப்பட்ட மாத்திரத்தில் சக்கரங்கள்தாம் இயந்திரத்தை இழுத்துச் சுழற்றவேண்டும். ஏற்கனவே பிரேக்கினால் திணறிக்கொண்டிருக்கும் பின் சக்கரங்கள் இந்தப் புதுப் பாரத்தைத் தாங்கமாட்டாமல் தரையின் பிடியை விட்டுவிடுகின்றன. வண்டி வாலைச் சுழற்றிக்கொண்டு திரும்புகிறது.

"கியர்ப் பெட்டிக்குள்ளே இதற்கெல்லாம் ஏற்பாடு இல்லையா?" என்று கேட்டேன். இருக்கிறது. காடிலாக் கம்பெனியார் 1928-இல் புகுத்திய ஸிங்க்ரோமெஷ் என்னும் அமைப்புப் பெட்டிக்குள் உள்ள பற்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து சத்தமில்லாமல் சேர்த்துவிடும். ஆனால் அப்போது கிளட்ச் அமுக்கப்பட்டிருப்பதால், இயந்திரம் தனியாகத் தன் போக்கில் கிடக்கிறது. அதைச் சமாதானம் செய்து அழைத்து வருவது ஓட்டுகிறவன் பொறுப்பு.

இங்கேதான் சங்கடம். இடது கால் கிளட்சில் இருக்கிறது. வலது கால் பிரேக்கில் இருக்கிறது. ஆக்ஸிலேட்டரைத் தட்ட மூன்றாவது காலுக்கு எங்கே போவது? பந்தயக்காரர்கள் வலது காலையே இரண்டாக்கிக்கொள்கிறார்கள். பாதத்தின் முன்பகுதி பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க, கணுக்காலை மடக்கிக் குதிகாலினாலோ பாதத்தின் வலது விளிம்பினாலோ ஆக்ஸிலேட்டரை ஒரு கணம் தட்டுகிறார்கள். இயந்திரம் "ஹும்" என்று ஒரு குரல் கொடுக்கும். அந்தக் குரல் அடங்குமுன் கிளட்ச் மேலே வந்துவிடவேண்டும். பிரேக்கின் அழுத்தம் மட்டும் இம்மியும் மாறக்கூடாது.

அதைப் பார்த்ததும் எனக்கு வால்பாறைப் பஸ் ஞாபகம் வந்தது. 1972-ஆம் வருஷம், நான் சிறுவன். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் டிரைவர் அண்ணனின் கால்களையே பார்த்துக்கொண்டு இறங்குவேன். அந்தப் பஸ்ஸின் பெட்டியில் ஸிங்க்ரோமெஷ் கிடையாது. அவர் கிளட்சை அமுக்கிக் கியரை நடுவிலே கொண்டுவந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரைத் தட்டி, மறுபடி கிளட்சை அமுக்கிக் கீழ்க் கியரைப் போடுவார். ஒரு கியருக்கு இரண்டு கிளட்ச்! இறக்கம் ஆரம்பிக்குமுன்பே இதைச் செய்துவிடுவார். "ஏறின கியரிலேதான் இறங்கணும், தம்பி, பிரேக்கை நம்பினால் பாதி மலையிலே அது சுட்டுப்போய்க் கையை விரிச்சுடும்" என்பார். நின்றுகொண்டு வந்த பிரயாணிகள் கம்பியைப் பிடிக்காமலே வெற்றிலை போட்டுக்கொள்வார்கள். அவரை ஒருவரும் வித்தைக்காரர் என்று சொன்னதில்லை, சம்பளமும் அப்படித்தான்.

மலை இறக்கத்தில் வண்டியைப் பிடித்து வைப்பதற்காகக் கீழ்க் கியர். பந்தயத்தில் வளைவு முடிந்ததும் பாய்ந்து புறப்படுவதற்காகக் கீழ்க் கியர். இந்த வித்தியாசத்தை அறியாமல் நான் இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பியதும் ஒரு வாரம், நின்ற வண்டியில், இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கணுக்காலை மடக்கிப் பழகினேன். "எங்கே கிளம்புகிறீர்கள்?" என்று கேட்டாள் என் மனைவி. "எங்கும் இல்லை" என்றேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தாள்; எங்கும் போகாமல் அங்கேயேதான் இருந்தேன். பிறகு, ஆளரவமற்ற சாலையில் பிரேக்கைத் தொடாமல் தட்டிப் பழகினோம். பிரேக்கையும் சேர்த்தபோது வண்டிக்குள் எல்லோரும் தலையாட்டினார்கள். குதிகால் நகரும்போதெல்லாம் முன்பாதம் பிரேக்கை அதிகமாக அமுக்கிவிடுகிறது. சாதாரண வண்டிகளில் பிரேக் பெடல் உயரமாக இருப்பதால், அதைப் பலமாக மிதித்தால்தான் ஆக்ஸிலேட்டரும் அதுவும் சமமட்டமாகும். ஆகையால் ஊருக்குள் நிதானமாகப் போகும்போது இந்த வித்தை சரிப்படாது. செருப்புக் காலும் உதவாது. ஐந்திலிருந்து இரண்டுக்குத் தாவுவதோ மகா ஆபத்து: சக்கரங்களே இயந்திரத்தை அதன் எல்லைக்குமேல் சுழற்றி உடைத்துவிடும்.

குமாரி மூன்றே நாளில் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பத்தில் ஆறு தடவை வருகிறது.

"1989-லேயே பெராரி பந்தய வண்டிக்கு, ஸ்டியரிங்கில் விரலால் தொட்டால் கியர் மாறும் ஏற்பாடு வந்துவிட்டதே, அப்பா! மின்சார வண்டிகளில் கியர் மாற்றும் வேலையே இல்லை. நாம்தான் இப்போது கற்கிறோம்" என்று அவளே ஒருநாள் சொன்னாள். ஆனாலும் பழகுவதை நிறுத்தவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வால்பாறையிலிருந்து அவள்தான் ஓட்டி வந்தாள், பொதுச்சாலைக்கு உகந்த நிதான வேகத்தில். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அந்த "ஹும்" மட்டும் கேட்டது. பின்னால் தூங்கிக்கொண்டிருந்த என் மனைவி ஆழியாறு வந்த பிறகுதான் கண் விழித்து, "மலை இறக்கம் எப்போது ஆரம்பிக்கும்?" என்று கேட்டாள்.